தீவு வாடகையும் பெருநில வாடகையும்: ரெக்ரஷனில் டம்மி மாறியைப் பெருக்கிப் பார்ப்பது எப்படி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் ஒரு பகுதி தீவு, மறு பகுதி பெருநிலம். அங்கே வாடகை வீடு தேடிய யாருக்கும் இரண்டு விஷயம் தெரியும். வீடு பெரிதானால் வாடகை ஏறும். பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் போனாலும் ஏறும். ரெக்ரஷன் (ஓர் அளவு மற்ற அளவுகளோடு எப்படி மாறுகிறது என்று தரவுக்குக் கோடு போட்டுப் பார்க்கும் கணக்கு) போடுகிற மாணவர்கள் பலர் இந்த இரண்டையும் இரண்டு மாறிகளாக வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: வீடு ஒரு சதுர அடி பெரிதானால் ஏறும் தொகை தீவிலும் பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்திலும் ஒன்றுதானா? இரண்டு மாறிகளைப் பெருக்கிச் சேர்க்கும் இன்டராக்ஷன் டெர்ம் என்பது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான்.

எனக்கு வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், தரக் கணக்குப் பார்ப்பது. சனிக்கிழமைகளில் மாஸ்டர்ஸ் படிக்கும் பிள்ளைகள் சிலர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெருக்குவது அவர்களுக்குச் சுலபமாக வந்துவிடுகிறது. வந்த எண்ணை வாசிப்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கீழே எழுதியிருப்பதில் முக்கால்வாசி வாசிப்பதைப் பற்றித்தான்.

கையாலேயே சரிபார்க்கிற மாதிரி எட்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இவை பயிற்சிக்காக நானே போட்ட எண்கள். சந்தை நிலவரம் என்று எடுத்துக்கொண்டு யாரும் வீட்டுக்காரரிடம் பேரம் பேசப் போய்விடாதீர்கள்.

பெருநிலம்: 600 சதுர அடி – 700 வெள்ளி (ரிங்கிட்), 800 – 820, 1000 – 980, 1200 – 1180.
தீவு: 600 சதுர அடி – 910 வெள்ளி, 800 – 1250, 1000 – 1530, 1200 – 1750.

முதலில் பெருக்கல் இல்லாமல் போடுங்கள். வாடகை ஒரு பக்கம், பரப்பும் தீவும் மறுபக்கம். ‘தீவு’ என்பது டம்மி: தீவில் இருக்கும் வீட்டுக்கு 1, பெருநிலத்து வீட்டுக்கு 0. வருவது இது:

வாடகை = −70 + 1.1 × பரப்பு + 440 × தீவு

எங்கே இருந்தாலும் சதுர அடிக்கு 1 வெள்ளி 10 காசு. தீவு என்றால் அதற்கு மேல் 440 வெள்ளி. சின்ன வீட்டுக்கும் 440தான், பெரிய வீட்டுக்கும் 440தான். பட்டியலைக் கண்ணால் பார்த்தாலே இது ஒத்துவரவில்லை. 600 சதுர அடியில் வித்தியாசம் 210, 1200-இல் 570. ஒரே சாய்வுதான் (சதுர அடிக்கு ஏறும் தொகை) இருக்க வேண்டும் என்று நாம் கட்டாயப்படுத்தியதால், கணக்கு இரண்டு இடத்துச் சாய்வையும் சராசரியாக்கி நடுவில் 1.1 என்று நிறுத்திவிட்டது. டம்மி கோட்டை மேலே தூக்கும், கீழே இறக்கும். அதைச் சாய்க்க அதனால் முடியாது.

அடுத்த படிக்குக் கம்ப்யூட்டரை மூடி வையுங்கள். ஒரு தாளில் எட்டுப் புள்ளியையும் வைத்து, பெருநிலத்துக்கு ஒரு கோடு, தீவுக்கு ஒரு கோடு, தனித்தனியாகப் போடுங்கள். பெருநிலக் கோடு 200 + 0.8 × பரப்பு. தீவுக் கோடு 100 + 1.4 × பரப்பு. இந்த இரண்டு கோடும் கையில் இருந்தால் கம்ப்யூட்டர் எதைக் காட்டினாலும் பயமில்லை. என்னிடம் வருகிறவர்கள் இதைப் போட்டுக் காட்டாமல் நான் அவுட்புட்டைப் பார்ப்பதே இல்லை.

இப்போது புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, அதில் பரப்பையும் தீவையும் பெருக்கி எழுதுங்கள். பெருநில வீடுகளுக்கு அது முழுக்க 0. தீவு வீடுகளுக்கு அந்தந்தப் பரப்பே மறுபடி வரும். இந்த வரிசையையும் சேர்த்து ரெக்ரஷன் போட்டால்:

வாடகை = 200 + 0.8 × பரப்பு − 100 × தீவு + 0.6 × (பரப்பு × தீவு)

தீவு இருக்கும் இடத்தில் 0 போடுங்கள்: 200 + 0.8 × பரப்பு. 1 போடுங்கள்: 200-இல் 100 போய் 100, 0.8-உடன் 0.6 சேர்ந்து 1.4. தாளில் போட்ட அதே இரண்டு கோடு. அதனால் நான்கு எண்களையும் இப்படி வாசிக்கலாம். 200, 0.8 இரண்டும் பெருநிலத்துக்கு மட்டும் சொந்தம். −100 என்பது இரண்டு கோட்டின் தொடக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம். 0.6 என்பது இரண்டு சாய்வுக்கும் உள்ள வித்தியாசம்: ஒவ்வொரு கூடுதல் சதுர அடிக்கும் தீவில் 60 காசு அதிகம்.

0.8-ஐப் பார்த்து “பரப்பின் விளைவு 0.8” என்று பொதுவாக எழுதிவிடக் கூடாது. பெருக்கல் உள்ளே வந்த பிறகு பொதுவான ஒரே விளைவு என்று ஒன்று கிடையாது. அது பெருநிலத்தில் 0.8, தீவில் 1.4.

அப்புறம் அந்த −100. ஒரு பெண் இதே மாதிரி ஓர் அவுட்புட்டோடு வந்து, “அண்ணே, தீவுக்கு மைனஸ் நூறு வருது. தீவுல வாடகை குறைவுன்னு எழுதிடலாமா?” என்று கேட்டாள்.

“உன் பட்டியல்ல 600 சதுர அடிக்குக் கீழ ஒரு வீடாவது இருக்காம்மா?”

“இல்ல.”

“மைனஸ் நூறு எத்தனை சதுர அடி வீட்டுக்கு?”

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பூஜ்யம்!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவ்வளவுதான் விஷயம். பெருக்கல் இருக்கும்போது டம்மியின் கெழு (மாறியோடு பெருக்கி நிற்கும் எண்), மற்ற மாறி 0 ஆக இருக்கும் இடத்தில் உள்ள இடைவெளியை மட்டும் சொல்கிறது. 0 சதுர அடியில் யாரும் குடியிருப்பதில்லை. இந்த இரண்டு கோடும் ஏறக்குறைய 167 சதுர அடியில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அந்த அளவில் ஓர் அறை கிடைக்கலாம், வீடு கிடைக்காது. நாம் வீடு பார்த்த எல்லையில், 600 முதல் 1200 வரை, தீவுக் கோடு முழுக்க மேலேதான் ஓடுகிறது.

இதற்கு வழி சுலபமானது. பரப்பிலிருந்து 800-ஐக் கழித்துப் புதிய மாறி ஒன்று செய்துகொள்ளுங்கள். 800 சதுர அடி வீட்டுக்கு அது 0, 1000-க்கு 200, 600-க்கு −200. பெருக்கல் வரிசையையும் இந்தப் புதிய மாறியை வைத்தே செய்ய வேண்டும். பழைய பெருக்கலை அப்படியே விட்டுவிட்டுப் பரப்பை மட்டும் மாற்றுகிறவர்கள் உண்டு, அது குழப்பத்தில்தான் முடியும். சரியாகச் செய்தால்:

வாடகை = 840 + 0.8 × (பரப்பு − 800) + 380 × தீவு + 0.6 × (பரப்பு − 800) × தீவு

இப்போது டம்மி பேசுவது 800 சதுர அடி வீட்டைப் பற்றி. தீவில் 380 வெள்ளி அதிகம். 0.8-உம் 0.6-உம் அசையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எட்டு வீட்டுக்கும் கணித்த வாடகையும் முன்பு வந்ததேதான். நாம் நிற்கும் இடத்தை மாற்றினோம், கோட்டை மாற்றவில்லை.

டம்மியின் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய எண் தற்செயலாக வரும் வாய்ப்பு) மட்டும் தலைகீழாக மாறும். மாணவர்கள் மிரண்டுபோவது இங்கேதான். 0-இல் நின்று பார்த்தபோது டம்மியின் திட்டப்பிழை (கெழு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) ஏறக்குறைய 106, டி மதிப்பு (கெழுவைத் திட்டப்பிழையால் வகுத்தது) −0.95, பி மதிப்பு 0.4 பக்கம். பி மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் அட்டவணையில் போடும் நட்சத்திரம் ஒன்றும் இல்லை. 800-இல் நின்று பார்த்தால் திட்டப்பிழை 28, டி மதிப்பு 13.6, பி மதிப்பு 0.001-க்கும் கீழே. எட்டு வீடு அதே எட்டு வீடு, மாடல் அதே மாடல். 0 என்பது தரவு இருக்கும் இடத்திலிருந்து வெகு தூரம், கோட்டை அங்கே வரை நீட்டினால் தடுமாற்றமும் கூடவே நீள்கிறது. அதனால் “தீவு முக்கியமான மாறியா” என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. எந்தப் பரப்பில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். பெருக்கல் கெழுவின் டி மதிப்பு எங்கே நின்று பார்த்தாலும் 5.26தான், சாய்வுகள் வேறுபடுகின்றன என்பதற்குப் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

இப்படிக் கழித்து மையப்படுத்தினால் மல்டிகொலினியாரிட்டி (விளக்கும் மாறிகள் ஒன்றோடொன்று ஒட்டி நகரும் சிக்கல்) தீர்ந்துவிடும் என்று வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை அளக்கும் விஐஎஃப் எண் குறையும் என்பது உண்மை. ஆனால் பெருக்கல் கெழுவும் அதன் டி மதிப்பும், மாடல் எவ்வளவு விளக்குகிறது என்று சொல்லும் ஆர்-ஸ்கொயரும் முன்பிருந்த இடத்திலேயே இருக்கும்போது எந்த நோய் தீர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. வாசிக்க வசதி என்பதற்காக மையப்படுத்துங்கள், அது போதுமான காரணம்.

பி மதிப்பு 0.4 வந்த மாணவர்கள் அடுத்து செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது: “முக்கியமில்லை” என்று டம்மியைத் தூக்கிவிட்டுப் பெருக்கலை மட்டும் வைத்துக்கொள்வார்கள். செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் இரண்டு கோடும் 0 சதுர அடியில் ஒரே புள்ளியிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று விதித்துவிடுகிறீர்கள். அந்த விதிக்கு உங்களிடம் காரணம் இல்லை. விளைவு, சாய்வுக் கணக்கில் போய் உட்காரும். பெருக்கல் உள்ளே இருந்தால் பெருக்கிய இரண்டு மாறிகளும் தனியாகவும் உள்ளே இருக்கட்டும்.

தீவு, பெருநிலம் என்ற பிரிவே தேவையா என்று மொத்தமாகச் சோதிக்க வேண்டுமானால் டம்மியையும் பெருக்கலையும் சேர்த்தே எடுத்துவிட்டு எஃப் சோதனை (பல கெழுக்களை ஒன்றாகச் சோதிப்பது) போடுங்கள். இதைத்தான் பொருளாதார அறிஞர் கிரிகோரி சோவ் 1960-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு சோவ் சோதனை என்று சொல்கிறோம். நம் எட்டு வீட்டுக்கு எஃப் மதிப்பு 160-ஐத் தாண்டுகிறது. எண்களை நானே போட்டதால் அவ்வளவு அழகாக வருகிறது, உங்கள் தரவில் இந்த அழகை எதிர்பார்க்காதீர்கள்.

தாளில் இரண்டு கோடு தனித்தனியாகப் போட்டதே போதாதா, எதற்கு ஒரே மாடலில் பெருக்கல் என்று கேட்பீர்கள். கெழுக்கள் ஒன்றுதான். ஆனால் தனித்தனியாகப் போட்டால் 1.4-க்கு ஒரு பி மதிப்பு, 0.8-க்கு ஒரு பி மதிப்பு வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வராது. “தீவில் நட்சத்திரம் வந்தது, பெருநிலத்தில் வரவில்லை, ஆகவே இரண்டும் வேறு” என்று எழுதும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். ஒன்று 0.04, இன்னொன்று 0.07 என்று இருக்கலாம். அந்த இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். வித்தியாசத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் வித்தியாசத்தையே சோதிக்க வேண்டும். ஒரே மாடல் போடும்போது ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வருகிறது: இரண்டு இடத்திலும் சிதறல் ஒரே அளவு என்று அது எடுத்துக்கொள்கிறது. நம் பட்டியலில் பெருநில வீடுகள் கோட்டிலிருந்து 20 வெள்ளி விலகுகின்றன, தீவு வீடுகள் 30. நிஜத் தரவில் இந்த விலகல் இன்னும் அதிகமாக வேறுபடும். அப்போது, சிதறல் வேறுபட்டாலும் தாங்கும் ரோபஸ்ட் திட்டப்பிழை போட்டுக்கொள்ளுங்கள்.

மென்பொருள் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எக்செல்லில் பெருக்கல் வரிசையை நீங்களே செய்ய வேண்டும், விளக்கும் மாறிகள் மூன்றும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளில் இருக்க வேண்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸின் சாதாரண ரெக்ரஷன் மெனுவிலும் அப்படியே, முதலில் கம்ப்யூட் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆர் மென்பொருளில் இரண்டு மாறிக்கு நடுவே * போட்டால் தனி மாறிகள் இரண்டும் பெருக்கலும் சேர்ந்து வரும். : போட்டால் பெருக்கல் மட்டும் வரும். ஸ்டேட்டாவில் அதே வேலைக்கு ## என்றும் # என்றும் இரண்டு குறி. அங்கே பரப்பு போன்ற தொடர் மாறிக்கு முன்னால் ‘சி’ என்ற எழுத்தும் புள்ளியும் போட மறந்தால், ஒவ்வொரு பரப்பையும் தனி வகையாக எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக அவுட்புட் கொட்டும்.

ஆர் பயன்படுத்தும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. தரவில் இடத்தை மலாயில் ‘புலாவ்’ (தீவு), ‘செபராங்’ (பெருநிலப் பக்கம்) என்று எழுத்திலேயே பதிந்திருப்பார்கள். ஆர் ஆங்கில அகர வரிசையில் முதலில் வருவதை அடிப்படையாக எடுத்துக்கொள்ளும், ஆகவே தீவு 0 ஆகிவிடும், பெருநிலம் 1 ஆகிவிடும். அப்போது அவுட்புட் இப்படி வரும்: மாறிலி (கோட்டின் தொடக்கம்) 100, பரப்பு 1.4, டம்மி +100, பெருக்கல் −0.6. குறி எல்லாம் மாறிவிட்டதே என்று பதற வேண்டாம், கோடுகள் அதே கோடுகள். ஆனால் நண்பருடைய முடிவையும் உங்கள் முடிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன் யாருக்கு எது 0 என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் மூன்றானால்? ஜோர்ஜ்டவுன், தீவின் மற்ற பகுதி, பெருநிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டம்மி இரண்டு, பெருக்கல் இரண்டு. மூன்று டம்மியையும் மாறிலியோடு சேர்த்துப் போட்டால் கணக்கு நிற்காது. ஒவ்வொரு பெருக்கல் கெழுவும் பெருநிலத்தோடு ஒப்பிட்ட சாய்வு வித்தியாசம். இரண்டு பெருக்கலையும் சேர்த்து எஃப் சோதனை. இதில் புதிதாகச் சொல்ல வேறொன்றும் இல்லை.

டம்மியை டம்மியோடு பெருக்கும்போதுதான் விஷயம் ருசிக்கிறது. நாற்காலி, மேசை, கட்டில் எல்லாம் போட்ட வீடா, வெறும் வீடா என்பது இரண்டாவது டம்மி என்று வையுங்கள். மறுபடி பயிற்சி எண்கள்: பெருநிலத்தில் வெறும் வீட்டின் வாடகை 900, தளவாடத்தோடு 1080. தீவில் 1200, 1440. ரெக்ரஷன் தரும் மாறிலி 900, தீவு 300, தளவாடம் 180, பெருக்கல் 60. அந்த 60 எங்கிருந்து வந்தது? தளவாடத்துக்காகத் தீவில் ஏறியது 240, பெருநிலத்தில் ஏறியது 180. இரண்டின் வித்தியாசம் 60. வித்தியாசத்தின் வித்தியாசம்.

தளவாடத்தின் இடத்தில் ‘முன்’, ‘பின்’ என்ற காலத்தை வைத்தால் டிஃபரன்ஸ் இன் டிஃபரன்சஸ் என்று பொருளாதாரக்காரர்கள் கொண்டாடும் முறை கிடைத்துவிடும். பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பேர்போனது. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏறியது, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் ஏறவில்லை. துரித உணவுக் கடைகளில் வேலை செய்வோர் எண்ணிக்கையை ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு இடத்திலும் எடுத்தார்கள். மாநில டம்மி, கால டம்மி, இரண்டின் பெருக்கல். அவர்கள் தேடிய பதில் அந்தப் பெருக்கல் கெழுவில்தான் இருந்தது. நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கு ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பென்சில்வேனியாவில் நடந்ததுதான், சம்பளம் ஏறாவிட்டால் நியூ ஜெர்சியிலும் நடந்திருக்கும் என்ற அனுமானத்தின் மேல் முழுக் கட்டடமும் நிற்கிறது. உங்கள் ஆய்வில் இந்த முறையைப் போட்டால் அந்த அனுமானத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

தளவாட எண்களுக்குத் திரும்பி வாருங்கள். வெள்ளியில் பார்த்தால் 60 வித்தியாசம் இருக்கிறது. சதவீதத்தில் பாருங்கள்: 900-இலிருந்து 1080, 20 சதவீதம். 1200-இலிருந்து 1440, அதுவும் 20 சதவீதம். வாடகைக்குப் பதில் வாடகையின் லாகரிதத்தை இடது பக்கம் வைத்திருந்தால் பெருக்கல் கெழு 0 ஆகிவிடும்; இன்டராக்ஷனே இல்லை. இரண்டும் சரிதான். குடியிருப்பவர் மாதக் கடைசியில் எண்ணித் தருவது வெள்ளி, அவருக்கு 60 நிஜம். வீட்டுக்காரர் தளவாடம் போட்டால் வருமானம் எத்தனை பங்கு கூடும் என்று யோசித்தால் இரண்டு இடமும் அவருக்கு ஒன்று. எந்த அளவுகோல் என்பதைக் கேள்வியைப் பார்த்து முதலிலேயே முடிவு செய்யுங்கள். நட்சத்திரம் எதில் வருகிறது என்று இரண்டையும் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது கள்ளாட்டம்.

எழுதும்போது கெழு அட்டவணையை மட்டும் ஒட்டிவிட்டு நகராதீர்கள். வாசிப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது இடைவெளியை, அதைச் சில பரப்புகளில் கணக்கிட்டுக் கொடுங்கள். 600-ஐக் கழித்து ஒரு முறை, 800-ஐக் கழித்து ஒரு முறை, 1200-ஐக் கழித்து ஒரு முறை ரெக்ரஷன் ஓட்டினால் டம்மியின் கெழுவும் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியும் (உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை) தானாகவே வந்துவிடும். வேறு சூத்திரம் தேவையில்லை. நம் எட்டு வீட்டுக்கு இப்படி வரும்:

600 சதுர அடி: தீவில் 260 வெள்ளி அதிகம் (142 முதல் 378 வரை)
800 சதுர அடி: 380 வெள்ளி அதிகம் (302 முதல் 458 வரை)
1200 சதுர அடி: 620 வெள்ளி அதிகம் (502 முதல் 738 வரை)

இந்த மூன்று வரியோடு இரண்டு கோடும் போட்ட ஒரு படம் வையுங்கள். கோடுகளை 600-இல் தொடங்கி 1200-இல் நிறுத்துங்கள், இரண்டு பக்கமும் நீட்ட வேண்டாம். முழு அட்டவணை வேண்டும் என்று மேற்பார்வையாளர் கேட்டால் பின்னிணைப்பில் போட்டு, டம்மியின் கெழுவுக்குக் கீழே அது எந்தப் பரப்பில் உள்ள இடைவெளி என்று ஓர் அடிக்குறிப்பும் எழுதிவிடுங்கள்.